பாவாவின் வண்டிக்கு வந்த நான்கு குழாய்கள்

பாவா என்னிடம் அதைச் சொன்னது போன வருடம் ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்றைய நோட்டில் "பாவா வந்தார். வண்டி பற்றிப் பேசினோம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மற்றதை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பதினான்கு வயதிலிருந்து நோட்டு எழுதுகிறவன் நான். தெரிந்தே ஒன்றை விட்டது அதுதான் முதல் தடவை.

விட்டது இதைத்தான்: கார் ஓட்டும்போது அவருக்கு இன்ஜின் சத்தம் கேட்கவில்லை.

பாவா என் அக்காவின் கணவர். அரக்கோணத்தில் ரயில் இன்ஜின் பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். இடது காது ஓய்வு பெறுவதற்கு முன்பே போய்விட்டது. வலது காது கடந்த இரண்டு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவை வைத்துச் சமாளித்துவிடுவார். முடியாதபோது செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அக்கா அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டாள். அவர்களுக்குள் அந்த இரண்டு வருடங்கள் அவ்வளவு நன்றாக இல்லை.

"நேத்து சந்தையாண்ட இருந்து ரயில்வே கேட்டு வரைக்கும் செகண்டுலயே போயிருக்கேன்டா," என்றார். "பைக்ல ஒருத்தன் பக்கத்துல வந்து சொல்றான், பெருசு, கியர மாத்துன்னு."

பழைய வண்டி அது. இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று காட்டுகிற முள் அதில் கிடையாது. எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அக்காவுக்கோ பெங்களூரில் இருக்கும் மகளுக்கோ இது தெரிந்தால் அன்றைக்கே சாவி போய்விடும். எழுபத்திரண்டு வயதாகிறது, போதும் என்று மகள் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

"சாவி போச்சின்னா நான் இன்னாடா பண்ணுவேன்?" என்று கேட்டார். அவர் குரலில் கெஞ்சல் எதுவும் இல்லை. விடை தெரியாத கணக்கைக் கேட்பது போலக் கேட்டார்.

காது டாக்டரிடம் போகலாமே என்றேன். போய்விட்டு வந்திருந்தார். காது மிஷின் பீரோவில் பெட்டிக்குள் இருந்தது. அதைப் போட்டால் மின்விசிறி கேட்கிறது, பாத்திரம் கழுவுவது கேட்கிறது, காக்கை கேட்கிறது. வண்டியில் ஏறினால் எல்லாம் ஒரே இரைச்சலாகி, இன்ஜின் அதற்குள் எங்கேயோ போய்விடுகிறது. ஆகவே அவரே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். இன்ஜினின் புகை வெளியேறும் பாதையை மாற்றிவிடுவது. கம்பெனி போட்டுக் கொடுத்தது வார்ப்பிரும்பில் செய்த ஒரே கட்டி. நான்கு சிலிண்டரின் மூச்சும் அதற்குள் முட்டி மோதி அமுங்கித்தான் வெளியே வரும். அதைக் கழற்றிவிட்டு, ரேஸ்காரர்கள் போடுகிற மாதிரி சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு தனிக் குழாய்கள் வைத்தால் சத்தம் திறந்துகொள்ளும். ஹெடர் என்பார்கள்.

"சத்தம் பெருசா வந்தா எனக்குக் கேக்கும். அவ்ளோதான்," என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

*

அந்த வண்டி முதலில் எங்கள் நைனாவுடையது. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அப்பாவை நைனா என்றும் அக்கா புருஷனைப் பாவா என்றும் கூப்பிடுகிற வீடுகள் இங்கே நிறைய. நைனா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தார். ஊரைவிட்டுப் போகவிருந்த ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கினார். பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமாக டாக்சி ஓடியதே, அதே ரகம். எங்களுடையது க்ரீம் நிறம்.

அது வந்த நாளில்தான் நான் நோட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, போன இடம், யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், மழையா வெயிலா. முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "அரக்கோணம் ஸ்டேஷன். முன்னால் நைனா, சித்தப்பா, நான். பின்னால் ஐந்து பேர், ஒரு பலாப்பழம். வெயில்." முன் சீட்டு இரண்டாகப் பிரியாமல் பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். கியர் தண்டு மற்ற கார்களில் இருப்பது போலத் தரையிலிருந்து முளைக்காமல், ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே இடது பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் கியர் என்போம். தரையில் தடுப்பு எதுவும் இல்லாததால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நடுவில் உட்காருகிறவன் எப்போதும் நான்தான். நைனா இரண்டாவது கியருக்கு இழுக்கும்போதெல்லாம் அவர் முழங்கை என் தோளில் இடிக்கும்.

மத்தியானத்தில் நிறுத்தி வைத்திருந்தால் சீட்டின் ரெக்சின் சூடாகி ஒரு வாசனை வரும். அதில் பெட்ரோலும் கொஞ்சம் கலந்திருக்கும். அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் நினைத்தவுடன் வரவழைக்க முடிகிறது. சத்தத்தைப் பற்றி நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. யாரும் அதை எழுத மாட்டார்கள். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். மாலையில் நைனா திரும்பி வரும்போது ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவார். வண்டி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளும். அது கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். கல் சூடாகிற நேரமும் நைனா செருப்பைக் கழற்றுகிற நேரமும் சரியாக இருக்கும்.

அக்கா கல்யாணத்தன்று ஒரு வேடிக்கை நடந்தது. நைனா பெண்ணின் தகப்பனார், அவர் ஓட்டக் கூடாது என்று வெளியிலிருந்து ஒரு டிரைவரை வரவழைத்திருந்தார்கள். அந்த மனிதர் தரை கியர் மட்டுமே பழகியவர். சர்ச்சு வாசலில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் முன்னால் போட வேண்டிய கியருக்குப் பதில் ரிவர்ஸைப் போட்டு, பின்னால் நின்றிருந்த பேண்டு வாத்தியக்காரர்களைச் சிதறடித்தார். இரண்டாவது முறையும் அப்படியே ஆனது. கோட்டும் மாலையுமாகப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த பாவா கீழே இறங்கி, டிரைவரை மரியாதையாகப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, அக்காவை முன்னால் கூட்டிக்கொண்டு தானே ஓட்டினார். மாப்பிள்ளை தன் கல்யாண வண்டியைத் தானே ஓட்டி வந்தது எங்கள் சபையில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. என் நோட்டில் "முன்னால் பாவா, அக்கா. பின்னால் டிரைவர், பூங்கொத்து" என்று இருக்கிறது.

நைனா போன பிறகு வண்டி பாவாவிடம் போனது. எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது அவரிடம்தான் போயிருக்க வேண்டும்.

*

ஹெடர் பெரம்பூரில் கிடைத்தது. வாலிபத்தில் சோழவரம் மைதானத்தில் இதே ரக வண்டியில் ரேஸ் ஓட்டிய ஒருவர், வண்டியைப் பிரித்து விற்றுவிட்டு, இந்த ஒரு சாமானை மட்டும் ஷெட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். வியாழக்கிழமை இருவரும் ரயிலில் போனோம். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தோம். அந்தப் பொய் என்னுடையது.

திரும்பும்போது அதைச் சாக்கில் சுற்றியிருந்தும் நான்கு வாய்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. திருவள்ளூரில் கொய்யாக்கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது இன்னா சார், வாத்தியமா?"

பாவா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் ஏதோ கேட்கிறாள் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். "ஆங்," என்றார்.

"எந்தூர்ல கச்சேரி?"

"ஆங்," என்றார் மறுபடியும், சிரித்துக்கொண்டே.

"நாலு பேரு ஒண்ணா ஊதறதா?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான்கு பேர் ஊதுவதுதான், ஆனால் ஒருவர் பின் ஒருவராக ஊதுவார்கள் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கும்போது, பாவா மடியில் இரண்டு கொய்யாவைப் போட்டுவிட்டுப் போனாள். வித்வானுக்கு மரியாதை.

*

வேலை நடந்தது அரக்கோணம் சாலையில் உள்ள ஒரு ஷெட்டில். மெக்கானிக் நகரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். பழைய வண்டிகளை விரும்பித் தொடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் அவரையும் சேர்த்து இரண்டு மூன்று பேர்தான். பாவாவுக்குக் காது மந்தம் என்பது அவருக்கும் தெரியாது. சத்தத்துக்காகத்தான் இதெல்லாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வண்டிக்கு இழுவை வேண்டும் என்று மட்டும் சொன்னோம்.

வார்ப்பிரும்புக் கட்டியைக் கழற்றவே ஒரு நாள் போனது. மரைகள் எல்லாம் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நெருப்புக் காட்டி, ஒவ்வொன்றாக அசைத்துத் திருகினார். கடைசியில் கட்டி கையோடு வந்தது. அம்மிக்கல் கனம். பாவா அதை வாங்கி மேசையில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் ஹெடரை எடுத்துப் பொருத்தினோம். நான்கு வாயும் நான்கு துவாரத்தில் அழகாக உட்கார்ந்தன. ஆனால் மூன்றாவது குழாய் கீழே வளைகிற இடத்தில் ஒரு கம்பியில் போய் முட்டியது. அது கியர்க் கம்பி. ஸ்டியரிங் கியர் வண்டியில் கைப்பிடி மேலே இருந்தாலும், அதிலிருந்து ஒரு தண்டு ஸ்டியரிங் கம்பத்தை ஒட்டி இறங்கி, இன்ஜின் பக்கமாகப் போய் கியர்ப்பெட்டியைச் சேர வேண்டும். இந்த வண்டியை முதலில் வரைந்தவர்கள் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற நாட்டுக்காரர்கள். அவர்கள் ஊரில் புகைக்குழாய் ஒரு பக்கம், கியர்க் கம்பி மறுபக்கம். நமக்காக ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றியபோது இரண்டும் ஒரே பக்கம் வந்துவிட்டன. ஒரு சந்தில் இரண்டு குடித்தனம்.

"இது தரை கியருக்குப் பண்ணதுங்க," என்றார் மெக்கானிக். ரேஸ்காரர் தன் வண்டியில் கியரைத் தரைக்கு மாற்றியிருக்க வேண்டும். அவருக்கு அந்தக் கம்பியே கிடையாது. "நம்மளும் மாத்திடலாமா சார்? நல்லாருக்கும். புதுசாட்டம் ஆய்டும்."

பாவா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம். என் கை மேலதான் போவும்," என்றார்.

ஆகவே குழாயைத்தான் நெளிக்க வேண்டியிருந்தது. மெக்கானிக் அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு உருண்டைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டி, கம்பி போகிற அளவுக்கு ஒரு பள்ளம் உண்டாக்கினார். முதல் தடவை போதவில்லை. இரண்டாவது தடவை கம்பி தொடாமல் நின்றது.

அளந்தவன் நான். ஸ்டீல் ஸ்கேலும் நோட்டுமாகக் குனிந்து, பாவாவை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொரு கியராகப் போடச் சொன்னேன். முதல், இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ். கம்பி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. ஐந்து அளவையும் கட்டம் போட்டு எழுதினேன். மிகக் குறைந்தது இரண்டாவது கியரில்: ஆறு மில்லி. மெக்கானிக் தன் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பாதியில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் தட்டிக்கட்டுமா சார்?"

வேண்டாம் என்றேன். இதைப் பற்றி நான் படித்திருந்தேன். பள்ளம் ஆழமானால் அந்த சிலிண்டரின் மூச்சு அடைபடும், நான்கும் சமமாக வராது என்று விளக்கினேன். ஆறு மில்லி போதும், இதோ எழுதியிருக்கிறேன் என்று நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சரிங்க என்று மரையை இறுக்கினார்.

வண்டியை ஸ்டார்ட் செய்தபோது ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். பானட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பாவாவின் முகம் மலர்ந்தது. அங்கே நின்றால் அவருக்கும் கேட்டது. கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் முறுக்கு என்று மெக்கானிக்குக் காட்டினார்.

அரக்கோணம் சாலையில் சமதளத்தில் ஒரு சுற்றுப் போனோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். எனக்கு நெஞ்சு வரை அதிர்ந்தது. ரயில்வே கேட்டு மூடியிருந்ததால் நிறுத்தினோம். அவர் பக்கம் திரும்பி, "கேக்குதா பாவா?" என்றேன்.

"ஆங், நல்லா கேக்குது," என்றார், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு.

அப்போது இன்ஜின் தானாக நின்று போய் அரை நிமிடம் ஆகியிருந்தது.

கேட்டு திறந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தார், வண்டி நகரவில்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினார். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றால்தான் கேட்கும், உள்ளே உட்கார்ந்தால் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

*

இந்த ஊரில் எந்த வண்டியில் என்ன வேலை பார்த்தாலும் மலைக்கு ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் உரியவரிடம் கொடுப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் நல்ல ஏற்றம் என்று இருப்பது கோயில் மலைப்பாதை ஒன்றுதான். கிறிஸ்தவர் வண்டியானாலும் முஸ்லிம் வண்டியானாலும் முருகனுடைய ரோட்டில்தான் பரீட்சை. அடிவாரத்தில் மெக்கானிக் சூடம் ஏற்றி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். பாவா கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணினார். அதன் பிறகு மெக்கானிக் அங்கேயே நின்றுகொண்டு, நீங்கள் இருவரும் போய்விட்டு வாருங்கள் என்றார்.

அந்த மலைக்கு வருடத்தின் நாட்களுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகள். சிறுவயதில் என் பிறந்தநாளுக்கு உரிய படி எது என்று கணக்குப் போட்டு, சபையில் யாருக்கும் தெரியாமல் போய் அதில் உட்கார்ந்திருக்கிறேன். ரோடு வேறு பக்கமாக வளைந்து ஏறுகிறது.

முதல் வளைவு தாண்டியதும் ஏற்றம் கூடியது. பாவா இரண்டாவது கியருக்கு இறக்கினார். உடனே எங்கோ ஒரு கிர்ர் சத்தம் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஏற்றத்தில் இழுக்கும்போது இன்ஜின் அதன் ரப்பர்களின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். நான் அளந்தது நின்ற வண்டியில், அணைந்த இன்ஜினில், சமதளத்தில். என் ஆறு மில்லி அங்கே காணாமல் போயிருந்தது. குழாய் கியர்க் கம்பியை உரசிக்கொண்டிருந்தது.

நிறுத்தச் சொல்வதற்காகத் திரும்பினேன். பாவா கியர்க் கைப்பிடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். உதடு லேசாகத் திறந்திருந்தது.

"வருதுடா," என்றார்.

"இன்னா பாவா?"

"கைல வருது. நாலும் தனித்தனியா வருது."

குழாயின் அதிர்வு கம்பியில் ஏறி, தண்டு வழியாக மேலே வந்து, கைப்பிடியில் அவர் உள்ளங்கையில் முடிந்துகொண்டிருந்தது. அவர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டார், கொஞ்சம் மிதித்தார். அடுத்த வளைவில் ஏற்றம் தணிந்ததும், நான் நினைப்பதற்கு முன்பே, மூன்றுக்குத் தள்ளினார். பிசிறில்லாமல் விழுந்தது. மறுபடி ஏற்றம் வந்ததும் இரண்டு. நைனா மாற்றுவது போல மாற்றினார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் பணிமனையில் வேலை பார்த்த நாட்களில் எப்படி இருந்தாரோ அப்படி, தோள் இறங்கி, நிதானமாக உட்கார்ந்திருந்தார். இதை யாரும் சரிசெய்யக் கூடாது, மெக்கானிக்கிடம் சொல்லாதே என்றார். சரி என்றேன். அந்த நிமிடத்தில் என் தப்பை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கடுத்த வளைவில் இடது ஓரமாகக் காவடியோடு ஏழெட்டுப் பேர் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. பாவா காவடிக்காரர்களுக்கு வழிவிட்டு வண்டியை வலது பக்கம் ஒடித்தார். பஸ் அதற்குள் எங்கள் வலது பக்கத்தில் பாதி ஏறிவிட்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். கதவுக்கும் பஸ்ஸின் தகரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைந்திருக்காது. காவடிக்காரர்களில் ஒருவர் பின்னால் குதித்து, மயிலிறகு ரோட்டில் விழுந்தது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகச் சொன்னதை எழுத முடியாது. பாவாவுக்கு அதுவும் கேட்டிருக்காது.

கொஞ்சம் மேலே ஓரமாக இடம் இருந்தது. அங்கே நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கீழே ஊரும், தண்டவாளமும், அரக்கோணத்துக்குப் போகிற ஒரு ரயிலும் தெரிந்தன.

"ஹார்ன் அடிச்சானா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அடிச்சான் பாவா. ரெண்டு வாட்டி."

அவர் முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"வண்டி கேட்டுச்சிடா. ரோடு கேக்கல," என்றார்.

இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். தள்ளி உட்கார் என்று கையைக் காட்டினார். நான் அந்த நீளச் சீட்டில் நகர்ந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் போனேன். என்னிடம் இருப்பது தரை கியர் போட்ட சின்னக் கார். க்ளட்சை மிதித்ததும் என் இடது கை தானாகத் தரைக்குப் போய் வெறும் இடத்தைத் துழாவியது. இரண்டாவது முறையும் அப்படியே. பாவா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை நீட்டிக் கியர்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"நீ க்ளட்ச்ச மிதி. நான் போடறேன்," என்றார்.

அப்படியே இறங்கினோம். என் கால் அமுங்குவதைப் பார்த்துக்கொண்டு அவர் போட்டார். அடிவாரத்தில் நின்றிருந்த மெக்கானிக், ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டி வருவதைப் பார்த்து அருகில் வராமலேயே நின்றார்.

*

அக்காவிடம் அன்று மத்தியானமே பாவா எல்லாவற்றையும் சொன்னார். காது, பெரம்பூர், பஸ், எதையும் விடவில்லை. சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டது தன்னை ஒதுக்குவதற்காக இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ ரெண்டு வருஷமா நான் திட்னது ஒண்ணுகூட உள்ள போவலயா?" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு நாற்காலியை இழுத்து அவருக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்து, அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "இன்னொரு வாட்டி மொதல்லருந்து சொல்றேன், பாத்துக்கோ," என்றாள்.

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. குழாயும் கம்பியும் உரசுகிற இடத்தில் தேயாமல் இருக்க மெக்கானிக் ஒரு பித்தளை வளையம் போட்டுக் கொடுத்தார். அதிர்வு மட்டும் குறையக் கூடாது என்று பாவா நிபந்தனை வைத்தார். எதற்கு என்று கேட்காமல் மெக்கானிக் செய்தார். இந்த முறை நான் ஸ்கேலை எடுத்துப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு மூன்று பேரும் அதில் போகிறோம். நான் ஸ்டியரிங்கில், பாவா கியரில், அக்கா பின்னால். அந்தச் சத்தத்தில் முன்னால் பேசுவது பின்னால் கேட்காது, பின்னால் பேசுவது முன்னால் கேட்காது. "இப்போ மூணு பேருமே செவுடு," என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். ரியர் கண்ணாடியில் அவள் உதட்டைப் படித்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

போன மாதம் அம்மையார்குப்பத்துக்கு, பெங்களூரில் இருக்கும் அவர்கள் மகளுக்குச் சேலை எடுக்கப் போனோம். ஆர்.கே.பேட்டை தாண்டி ஒரு நீளமான ஏற்றம் இருக்கிறது. பார்த்தால் ஏற்றம் என்றே தெரியாது. நான் மூன்றில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. பாவா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் கைப்பிடியில் இருந்தது.

"க்ளட்ச்," என்றார்.

மிதித்தேன். இரண்டாவது கியர் விழுந்தது. அதற்குப் பிறகுதான் வண்டி எவ்வளவு திணறிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.